படி உயரக்கூடாது

கோக்ரானே
3 மார்ச் 1997

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு,

இந்தக் கடிதம் வரும்போது நீங்கள் உடல்நலத்தோடும் வேலையோடும் இருந்தால் சந்தோஷம். நான் நன்றாக இருக்கிறேன். நம் வீட்டுக் கூரை இந்தப் பிப்ரவரிக் காற்றையும் தாங்கிவிட்டது.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் உங்கள் வாழ்த்து அட்டை வருகிறது. நான் பதில் போடாதது மறதியால் அல்ல. அதைப் பற்றி இப்போது எழுத வேண்டாம். ஒரு யோசனை கேட்கத்தான் எழுதுகிறேன்.

ஒரு வேன் வாங்கியிருக்கிறேன். பழைய கொரிய வண்டி. இங்கிருந்து கோயாய்க்கே நகரத்துக்கு ஆள் ஏற்றிப் போகலாம் என்று எண்ணம். விற்றவன் அழகுக்காக அகலமான, தாழ்ந்த டயரும் பளபளக்கும் ரிம்மும் மாட்டியிருந்தான். "அக்கா, இந்த வீலைப் பாத்தா பொண்ணுங்க திரும்பிப் பாப்பாங்க" என்றான். "எனக்கு முப்பத்தொண்ணு ஆச்சு. பொண்ணுங்க என்னைப் பாத்து நான் என்ன பண்ண?" என்றேன். சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தான். பாதி வழியில்தான் தெரிந்தது. சரளைப் பாதையில் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் ஏறி இறங்குகிறது.

இந்த ஊரில் டயர் அளவைக் கேட்டால் ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள். நீங்கள் அந்த வேலையிலேயே இருப்பவர். எனக்கு இரண்டு விஷயம் வேண்டும். வண்டி மெத்தென்று போக வேண்டும். ஏறும் படி இப்போது இருப்பதைவிட உயரக்கூடாது.

வீட்டில் எல்லோரும் நலம்.

மகள்,
நெலிதா


புந்தா அரேனாஸ்
19 மார்ச் 1997

அன்பு மகள் நெலிதாவுக்கு,

உன் கடிதம் பட்டறைக்கு வந்தது. பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தேன். கையெல்லாம் சோப்புத் தண்ணீர். கையைக் கழுவித் துடைத்து, காய்ந்த பிறகுதான் பிரித்தேன். உடன் வேலை செய்யும் ரெமீஹியோ, "யார் செத்தாங்க?" என்று கேட்டான். "யாரும் இல்ல. என் பொண்ணு வேன் வாங்கியிருக்கா" என்றேன். அன்றைக்கு வந்த வாடிக்கையாளர்கள் எல்லோரிடமும் அவன் அதைச் சொல்லிவிட்டான்.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. காது மட்டும் கொஞ்சம் மந்தம். இங்கே காற்றைத் தவிர கேட்பதற்கும் அதிகமில்லை.

நம் ஊர்ப் பாதைக்கு உயரமான சக்கரம்தான் சரி. பதினாறு அங்குல ரிம், நல்ல தடித்த எட்டு அடுக்கு டயர். வெள்ளம் வந்தாலும் சேறு வந்தாலும் வண்டி நிற்காது. படி நான்கு விரல் உயரும். அதற்கென்ன, ஒரு மரக்கட்டையை வண்டியில் போட்டுவை. இப்போது இருக்கும் டயரின் பக்கவாட்டில் என்ன எண் இருக்கிறது என்று பார்த்து எழுது.

அந்தக் கறுப்பு நாய் இருக்கிறதா? அடுப்புக் குழாயை யார் சுத்தம் செய்கிறார்கள்? வீட்டில் உன்னைத் தவிர மற்றவர்களும் சுகம் என்றே நினைத்துக்கொள்கிறேன்.

உன் அப்பா,
அர்செனியோ


கோக்ரானே
4 ஏப்ரல் 1997

அன்புள்ள அப்பாவுக்கு,

காது மந்தம் என்று எழுதியிருந்தீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. கறுப்பு நாய் செத்து ஐந்து வருஷம் ஆகிறது. அடுப்புக் குழாயை நான்தான் சுத்தம் செய்கிறேன்.

டயரில் 195 என்றும், அதன் பிறகு சாய்கோடு போட்டு 60 என்றும், கடைசியில் 15 என்றும் இருக்கிறது.

பதினாறு அங்குலம் வேண்டாம். மரக்கட்டையும் உதவாது. படி ஒரு விரலுக்கு மேல் உயர்ந்தால் எனக்கு அந்தச் சக்கரமே வேண்டாம். ஆற்றில் இறங்க மாட்டேன், சேற்றில் போட்டி போட மாட்டேன். மெதுவாகத்தான் ஓட்டுவேன்.

நடு சீட்டைக் கழற்றிவிட்டேன். அந்த இடத்தில் பலகை அடித்து மெத்தை போட்டிருக்கிறேன். சாமான் ஏற்றுவதற்கு.

சீக்கிரம் பதில் போட்டால் நல்லது. ஜூனில் பனி விழுந்துவிடும்.

நெலிதா


புந்தா அரேனாஸ்
21 ஏப்ரல் 1997

அன்பு மகளுக்கு,

நீ சொன்னபடி டாக்டரிடம் போனேன். காதில் அழுக்கு. எடுத்துவிட்டார். இப்போது ரெமீஹியோ பாடுவதும் கேட்கிறது. கேட்காமல் இருந்ததே தேவலை.

பதினாறை மறந்துவிடு. உன் டயரில் அறுபது என்று இருக்கிறதல்லவா, அதுதான் வினை. ரிம்முக்கும் தரைக்கும் நடுவே ரப்பர் கொஞ்சம்தான். கல்லை வாங்கிக்கொள்ள அங்கே ஆளில்லை. ரிம்மைச் சின்னதாக்கி ரப்பரை உயரமாக்க வேண்டும். பதினான்கு அங்குல இரும்பு ரிம், 185 டயர். ரப்பர் மூன்று சென்டிமீட்டர் கூடும். படி ஒரு விரல் தடிமன்கூட உயராது. எட்டு அடுக்கு வேண்டாம், அது கல்மாதிரி இருக்கும். ஆறு அடுக்கு போதும்.

முன் சக்கரத்தைக் கழற்றி, பிரேக்குக்கும் ரிம்முக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று பார். உன் வண்டியில் ஐந்து போல்ட் இருக்கும். ஒரு போல்ட்டின் நடுவிலிருந்து, ஒன்று விட்டு அடுத்த போல்ட்டின் நடுவுக்கு அளந்து எழுது. மில்லிமீட்டர் சுத்தமாக.

சாமான் என்று எழுதியிருந்தாய். மூட்டைக்கு முதுகு வலிக்காது நெலிதா. படி உயர்ந்தால் மூட்டை குறை சொல்லாது. நீ சொல்லாததை நான் கேட்கவில்லை. இரண்டு மட்டும் சொல்: எடை எவ்வளவு? தலை எந்தப் பக்கம்? பின் சக்கரத்துக்கு நேர் மேலே தலை இருக்கக்கூடாது. இரண்டு அச்சுகளுக்கும் நடுவில்தான் குலுக்கல் குறைவு.

அப்பா


கோக்ரானே
6 மே 1997

அப்பா,

நலம்தானே?

எடை ஐம்பத்தொரு கிலோ. இன்னும் குறையலாம்.
தலை ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால்.
பிரேக்குக்கும் ரிம்முக்கும் நடுவே என் சுண்டுவிரல் போகிறது. போல்ட் அளவு நூற்றாறரை மில்லிமீட்டர்.

வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை. இரும்பு ரிம்மைச் சீக்கிரம் அனுப்புங்கள்.

நெலிதா


புந்தா அரேனாஸ்
22 மே 1997

அன்பு மகளுக்கு,

நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று யாரும் கேட்கிறார்களா தெரியவில்லை. நான் கேட்கிறேன்.

நான்கு ரிம்களும் டயர்களும் உங்கள் பக்கம் சரக்கு ஏற்றும் குளோதோமிரோவின் லாரியில் நேற்றுப் புறப்பட்டன. அர்ஜென்டினா வழியாகச் சுற்றி வருகிறான். இரண்டு வாரம் வைத்துக்கொள்.

காற்று எவ்வளவு என்பதை எண்ணால் மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒருவரின் வேனை இரவல் வாங்கி, இதே அளவு டயரை மாட்டி, விமான நிலையத்துக்கு அப்பால் இருக்கும் சரளைப் பாதைக்கு ரெமீஹியோவை ஓட்டச் சொன்னேன். நான் பின்னால் தரையில் ஒரு மெத்தையில் படுத்துக்கொண்டேன்.

"என்னய்யா இது, பொணம் மாதிரி படுத்திருக்க" என்றான்.

"பேசாம ஓட்டு. பள்ளத்துல விடு."

"எல்லாரும் பள்ளத்த விட்டு விலகி ஓட்டச் சொல்வாங்க. நீ ஒருத்தன்தான்யா இப்படி."

உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாத பல விஷயங்கள் படுத்திருப்பவனுக்குத் தெரிகின்றன. கல் வருவது கண்ணுக்குத் தெரியாது, அதனால் உடம்பு தயாராக முடியாது. வளைவில் உடம்பு உருளும். முப்பத்தாறு பவுண்டு வைத்தால் இடுப்பில் அடிக்கிறது. இருபத்தெட்டுக்குக் கீழே போனால் டயர் தள்ளாடி வயிற்றைப் பிரட்டுகிறது. முன்னால் முப்பது, பின்னால் முப்பத்திரண்டு வை. முழங்காலுக்குக் கீழே ஒரு கம்பளியைச் சுருட்டி வை. இடது பக்கம் ஒருக்களித்தால்தான் தூக்கம் வரும் என்பதால், முதுகுக்குப் பின்னால் உருளாமல் ஒரு தலையணை கொடு. கதவுப் பக்கம் காற்று வரும். அதை அடை.

எல்லோருக்கும் என் விசாரிப்புகள்.

அப்பா


கோக்ரானே
17 ஜூன் 1997

அன்புள்ள அப்பாவுக்கு,

சாப்பிடுகிறேன். தூக்கம் கொஞ்சம் குறைவு. நீங்கள் போர்த்திக்கொண்டு இருங்கள், அங்கே குளிர் அதிகம் என்று வானொலியில் சொன்னார்கள்.

சக்கரங்கள் வந்தன. பொருந்தவில்லை. மூன்று நட்டு ஏறுகிறது, மற்ற இரண்டும் பிடிக்க மறுக்கின்றன. பக்கத்து வீட்டு மன்ஸீயா, "அடிச்சு ஏத்திடலாம், இரும்புதானே" என்றார். நான் விடவில்லை. இரும்பு அளவுகோல் கடன் வாங்கி மறுபடி அளந்தேன். நூற்றெட்டே முக்கால் வருகிறது. முதலில் நான் அளந்தது தையல் டேப்பால். பழசு, இழுபட்டு நீண்டிருக்கிறது. இரண்டு மில்லிமீட்டர். அதற்காக ஒரு மாதம் போய்விட்டது.

அந்த டேப் அம்மாவுடையது. அதை நான் எதற்கு எடுத்தேன் என்று கேட்டதில்தான் அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது.

அப்பா, படுத்துக்கொண்டு போகிறவர் அம்மாதான். இடது பக்கம் என்று நீங்கள் எழுதியதைப் படித்த அன்றே உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன். முதுகெலும்பில் கட்டி. மூன்று வாரத்துக்கு ஒரு முறை கோயாய்க்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும். பஸ்ஸில் உட்கார முடியவில்லை. ஒரு காலைத்தான் தூக்கிப் படியில் வைக்க முடிகிறது, அடுத்ததை நான் தூக்கி வைப்பேன். உங்களுக்கு எழுதக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதனால்தான் சாமான் என்று எழுதினேன்.

வாசலில் நான்கு சக்கரங்கள் கிடப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "யார் அனுப்பினது?" என்று கேட்டார்கள். சொன்னேன். பிறகு, "பொருந்தலயா?" என்றார்கள். "பொருந்தல." "ஆச்சரியமில்ல" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

போன வாரம் பழைய டயரிலேயே போய் வந்தோம். வழி முழுக்க ஒரு துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டே வந்தார்கள். சத்தம் போட்டால் நான் ஓட்டுவது தடுமாறும் என்று.

சரியான ரிம் கிடைக்குமா?

நெலிதா


கோக்ரானே
25 ஜூலை 1997

அப்பா,

உடம்பு சரியில்லையா? ஐந்து வாரமாகப் பதில் இல்லை. பட்டறைக்குத் தொலைபேசி செய்தேன். நீங்கள் வேலையை விட்டுவிட்டதாக ஒருவர் சொன்னார். எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை, ரெமீஹியோ லீவில் இருக்கிறாராம்.

நான் எழுதியதில் ஏதாவது உங்களைக் காயப்படுத்தியிருந்தால் அதைச் சொல்லுங்கள். ஒன்றும் சொல்லாமல் இருப்பது நம் வீட்டில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.

இரண்டு முறை தபால் பஸ் வந்துபோனது. இரண்டு முறையும் அம்மா என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் பஸ் சத்தம் கேட்டதும் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டார்கள்.

நெலிதா


சிலே சீக்கோ
16 ஆகஸ்ட் 1997

அன்பு மகளுக்கு,

நீ கவலைப்பட்டிருப்பாய். மன்னித்துக்கொள். உன் ஜூலைக் கடிதத்தை ரெமீஹியோ இங்கே திருப்பி அனுப்பினான். நேற்றுத்தான் கிடைத்தது. எனக்கு ஒன்றுமில்லை. உங்கள் இருவரின் உடல்நிலையையும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

ஜூன் கடிதம் கிடைத்த மறுநாள் முதலாளியிடம் கணக்கை முடித்தேன். சரியான ரிம் நான்கும், புதிய டயரும் தேடி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். லாரியில் அனுப்பி மறுபடியும் ஒரு மாதம் காத்திருக்க உனக்கு நேரமில்லை என்று எனக்குப் பட்டது. அர்ஜென்டினாவுக்குள்ளேயே பனியில் மாட்டிக்கொண்டோம். ஏரிக்கு இந்தக் கரையில் வந்து சேரும்போது, மலைச்சரிவு இறங்கிக் குவாதால் ஊருக்குப் போகும் பாதையை மூடிவிட்டது. தபாலும் போகவில்லை. இங்கே ஒரு விதவையின் வீட்டில் அறை எடுத்திருக்கிறேன். காலையில் அவருக்கு விறகு பிளந்து கொடுக்கிறேன். பகலில் ஒரு பட்டறையில் டயர் பார்க்கிறேன்.

பாதை திறந்துவிட்டது.

திறந்து ஒரு வாரம் ஆகிறது. பஸ் போய்க்கொண்டுதான் இருக்கிறது. டிக்கெட் கொடுக்கிற பெண்ணுக்கு என்னைத் தெரியும். இன்றும் போய் நின்றேன். "இன்னைக்காவது ஏறப் போறீங்களா?" என்று கேட்டாள். "நாளைக்கு" என்றேன். "நேத்தும் அதான் சொன்னீங்க."

ரிம்கள் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. துளைகளை நானே அளந்து பார்த்தேன். துரு பிடிக்காமல் எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். அவற்றை மட்டும் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிடவும் முடியும். எது சரி என்று நீ கேட்டு எழுது. உன் பதில் அல்ல, யாரிடம் கேட்க வேண்டுமோ அவரிடம் கேட்டு.

அப்பா


கோக்ரானே
23 ஆகஸ்ட் 1997

அர்செனியோ,

நான் நலம் என்று எழுத முடியாது. நீ நலமாக இருக்கிறாய் என்று தெரிகிறது. விதவைக்கு விறகு பிளக்கிற அளவுக்கு.

நெலிதா உன் கடிதங்களை எல்லாம் எனக்குப் படித்துக் காட்டினாள். பன்னிரண்டு வருஷத்தில் நீ எனக்கு அனுப்பியது பன்னிரண்டு அட்டை. எல்லாவற்றிலும் அச்சடித்த வாசகம், கீழே உன் பேர். டயருக்கு மட்டும் பக்கம் பக்கமாக எழுத வருகிறது. உன்னோடு பேச வேண்டுமென்றால் நான் அப்போதே ஒரு வண்டி வாங்கியிருக்க வேண்டும் போலிருக்கிறது.

நீ யாரோ ஒருவர் வேனில் மல்லாந்து படுத்துக்கொண்டு, பள்ளத்தில் விடு, பள்ளத்தில் விடு என்று கத்திக்கொண்டு போனதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். சிரித்தால் எனக்கு இடுப்பு வலிக்கிறது. அன்று முழுக்க வலித்தது. மறுநாள் அந்த இடத்தை இன்னொரு முறை படிக்கச் சொன்னேன்.

நீ அங்கே வா என்றாய். நான் இங்கே வா என்றேன். இருவர் சொன்னதும் இருவர் காதிலும் விழுந்தது. இருவரும் நகரவில்லை. இப்போது அதைப் பிரித்துப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. உனக்கு வேண்டுமானால் நீ பார்த்துக்கொள், ஆனால் என் முன்னால் வேண்டாம்.

சக்கரத்தைப் பஸ்ஸில் அனுப்பாதே. மன்ஸீயா சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்துவிடுவான். உன் பொண்ணுக்கு ஜாக்கி போட்டுப் போட்டு விரல் வெடித்திருக்கிறது. நீயே மாட்டு.

நான் மிகவும் இளைத்துவிட்டேன். கண்ணாடி பார்ப்பதை விட்டுவிட்டேன். என்னைப் பார்த்ததும் முகத்தை மாற்றிக்கொள்ளாதே. அதற்கு வழியிலேயே பழகிக்கொள், ஒரு நாள் முழுக்கப் பிரயாணம் இருக்கிறது.

காதில் அழுக்கு எடுத்துவிட்டதாக எழுதியிருந்தாய். அப்படியென்றால் இதெல்லாம் கேட்டிருக்கும்.

ஒதிலியா


கோயாய்க்கே
10 செப்டம்பர் 1997

அன்பு மகள் நெலிதாவுக்கு,

உன் காய்ச்சல் இறங்கியதா? கஷாயம் வைத்துக் குடி, விறகு வெட்டப் போகாதே. நீ கூட வர முடியாமல் போனதை அம்மா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குள் உன்னை விடமாட்டார்கள் என்று நான்தான் சமாதானம் சொன்னேன்.

புதுச் சக்கரத்தில் இந்த முதல் பயணத்தைப் பற்றி உனக்கு எழுத வேண்டும். அந்தப் பழைய டயரில் நீ பட்ட பாடு உனக்குத்தானே தெரியும்.

பாலத்தைத் தாண்டும் வரை காதைப் பின்னால் வைத்துக்கொண்டே ஓட்டினேன். ஒரு சத்தமும் இல்லை. துண்டைக் கடித்துக்கொண்டிருக்கிறாளோ என்று பயந்து வண்டியை நிறுத்திப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தாள், வாய் கொஞ்சம் திறந்து. வண்டியை மறுபடி எடுக்க எனக்கு மனம் வரவில்லை. எதிரே வந்த ஒரு லாரிக்காரர், "பழுதா?" என்று கேட்டார். சத்தம் போடாதே என்று கையைக் காட்டினேன்.

ஏரி தெரிகிற மேட்டில் விழித்துக்கொண்டாள். பக்கக் கதவைத் திறந்து விட்டேன். படுத்தபடியே தண்ணீரைப் பார்த்தாள்.

"பன்னெண்டு வருஷமா அங்க என்னத்தப் பாத்துக்கிட்டிருந்த?"

"காத்துதான்."

"இங்க இல்லாத காத்தா?"

"கதவை மூடவா, குளிருது" என்றேன். "இருக்கட்டும்" என்றாள். பிறகு கையை நீட்டினாள். கை அப்படியே சில்லிட்டிருந்தது. பிடித்துக்கொண்டு நின்றேன்.

இனி நான் எழுதப் போவதை உட்கார்ந்து படி. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஊசி இனிமேல் உதவாது, அவர்களை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வலிக்கு மருந்து கொடுத்திருக்கிறார், போதுமான அளவு. எவ்வளவு நாள் என்று கேட்டேன். "இப்ப வர்ற வசந்தத்தப் பாப்பாங்க. அதுக்கு மேல நான் சொல்ல விரும்பல" என்றார்.

வெளியே வந்ததும் அம்மா, "கதவுக்குப் பின்னாடி என்ன பேசினீங்க?" என்றாள். மறைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். இந்த வீட்டில் சொல்லாமல் விட்டது போதும் என்று நீ எழுதியது ஞாபகம் வந்தது. சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டுப் போர்வையின் ஓரத்தை நெடுநேரம் நீவிக்கொண்டிருந்தாள். அழவில்லை. நான்தான் தாழ்வாரத்துக்குப் போய்விட்டு வந்தேன்.

திரும்பி வந்து, "பாதை இப்ப நல்லாயிருக்கு. விடியக்காலம் கிளம்பினா சாயந்திரத்துக்குள்ள உன்னை வீட்டுல சேத்துடுவேன்" என்றேன்.

"எதுக்கு?"

"எதுக்குன்னா? வீட்டுக்கு."

"வீடு எங்கயும் போயிடாது. உன்கூட நான் பயணம் போயே எத்தனை வருஷமாச்சு. அங்கங்க நிறுத்திப் போ."

அதனால் வியாழக்கிழமை எங்களை எதிர்பார்க்காதே. ஒரு ராத்திரி காஸ்தியோவில் தங்குவோம், ஒரு ராத்திரி ஏரிக்கரையில். அதற்கு மேலும் எங்காவது அவளுக்குப் பிடித்தால் அங்கேயும். நீ சமைத்து வைத்துக் காத்திருக்க வேண்டாம். கூரைப் பக்கம் போகாதே, ஏணியில் ஏறாதே. வந்து நான் பார்த்துக்கொள்கிறேன், நான் இனி அங்கேதான் இருக்கப்போகிறேன்.

இன்று காலை நான்கு டயரிலும் காற்றைக் கொஞ்சம் இறக்கினேன். முப்பது என்று சொன்னது சாதாரண வேகத்துக்கு. இவ்வளவு மெதுவாகப் போவதற்கு அவ்வளவு காற்று தேவையில்லை.

உன் அப்பா,
அர்செனியோ